பர்வதம் என்று தேடினால் மலை கிடைக்காது: கொடைக்கானலில் ஐந்து நாள்

முதல் நாள்

ஆரப்பாளையத்தில் காலை ஆறரை பஸ். நானும் அம்மாவும். ஐப்பசி மழை, தீபாவளிக் கூட்டமும் வடிந்துவிட்டது, அதனால் ஜன்னல் சீட்டுக்கு யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. கார் எடுத்திருந்தால் இ-பாஸ், பதிவு என்று அலைந்திருக்க வேண்டும், அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வம்பு இல்லை.

அம்மாவுக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. கல்யாணம் ஆகும்வரை கொல்லைக் கதவைத் திறந்தால் இந்த மலைதான். ஆனால் மேலே ஏறியது மொத்தமே இரண்டு தடவை, அதுவும் ஒன்று பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனது. அடிவாரத்துக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் போலிருக்கிறது, வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனால் உண்டு, சும்மா ஏறிப் பார்ப்பது வெளியூர்க்காரன் வேலை.

வத்தலக்குண்டு தாண்டி மேகத்துக்கு நடுவில் மலை தெரிந்ததும் அம்மா முணுமுணுத்தாள்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது. அறுபது வருஷம் ஆகியும் ஒரு எழுத்து பிசகவில்லை. எத்தனாவது சங்கீதம் (வேதாகமத்துத் துதிப்பாட்டு) என்றேன். "நூத்தி இருபத்தொண்ணு." எனக்கு 125 என்று ஞாபகம் (அதில் சீயோன் பர்வதம் வருகிறது, அந்தக் குழப்பம்). போனில் பார்க்கலாமென்றால் காட்ரோடு தாண்டியதும் சிக்னல் போயிற்று. டம்டம் பாறையில் எலிவால் அருவியைக் காட்டுகிற சாக்கில் பேச்சை மாற்றினேன்.

தங்கியிருப்பது ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு. வெந்நீர் உண்டு என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கினார்கள், அது காலை ஆறிலிருந்து ஏழுவரை மட்டும் என்பதை அறைக்குள் வந்தபிறகு சொன்னார்கள். சரி. கூடத்தில் ஒரு மர அலமாரி, யார் யாரோ விட்டுப்போன புத்தகங்கள். கரையான் தின்ற துப்பறியும் நாவல்களுக்குக் கீழே, முதுகு கிழிந்து ஆஸ்பத்திரி பிளாஸ்திரியால் ஒட்டப்பட்ட ஒரு குண்டுப் புத்தகம். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ராங் கன்கார்டன்ஸ்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் சபைகளில் இந்த மாதிரிப் புத்தகத்தை ஒத்தவாக்கிய அகராதி என்பார்கள், இலக்கியக்காரர்கள் சொல்லடைவு என்பார்கள். வேதாகமத்தில் ஒரு சொல் எந்தெந்த வசனத்திலெல்லாம் வருகிறதோ, அத்தனையையும் அந்தச் சொல்லுக்குக் கீழே வரிசையாக அடுக்கியிருக்கும். வசனம் பாதிதான் ஞாபகம் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் இதுதான் வழி.

நான் மதுரையில் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறவன். ஒருமுறை ஒரு பழைய பாடல் தொகுப்புக்குச் சொல்லடைவும் செய்திருக்கிறேன், பிஸ்கட் டப்பாக்களில் சீட்டுச் சீட்டாக அடுக்கி, எட்டு மாதம். அதனால் இந்த வகைப் புத்தகத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு வராத ஒரு வயிற்றுவலி எனக்கு வரும்.

டார்ச் வெளிச்சத்தில் 'மவுண்டன்ஸ்' என்ற தலைப்பைத் தேடினேன். அம்மாவின் வசனம் அங்கே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் பொறி தட்டியது, 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தில் அங்கே இருப்பது 'ஹில்ஸ்'. அந்தப் பத்திக்குப் போனால் இருக்கிறது. எறும்பு ஊர்வதுபோல அச்சு, ஒரு வசனத்துக்கு ஒரே வரி, தேடுகிற சொல்லை மட்டும் முழுதாகப் போடாமல் முதல் எழுத்தைச் சாய்வாகப் போட்டு இடம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வரிக் கடைசியில் 2022 என்று ஓர் எண், யாரோ வருஷத்தைக் குறித்து வைத்ததுபோல.

சங்கீதம் 121. அம்மா சொன்னதுதான்.

இரண்டாம் நாள்

மழை. கரண்ட் பத்து மணிக்குப் போனது, மூன்று மணிக்குத்தான் வந்தது. ஏரியைச் சுற்றலாம் என்று கிளம்பி ஏழு ரோடு வரை போய்த் திரும்பினோம். அம்மா கம்பளிக்குள் சுருண்டுவிட்டாள். எழுதுவதற்கு ஊர்க்கதை எதுவும் இல்லை, அதனால் எங்கள் தொழில்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

அலெக்சாண்டர் க்ரூடன். 1699-ல் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் பிறந்தவர். அலமாரியில் பார்த்த ஸ்ட்ராங் புத்தகத்துக்கு நூற்றைம்பது வருஷம் முந்தியது இவருடைய புத்தகம். லண்டனுக்குப் பிழைக்க வந்து அச்சகங்களில் புரூஃப் பார்த்தார், அப்புறம் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் கீழே புத்தகக் கடை வைத்தார், 1735-ல் ராணியின் புத்தக வியாபாரி என்ற பட்டமும் கிடைத்தது. பட்டம்தான், சம்பளம் இல்லை. கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் உட்கார்ந்து, முழு ஆங்கில வேதாகமத்துக்கும் தன்னந்தனியாகச் சொல்லடைவு எழுத ஆரம்பித்தார். உதவிக்கு ஒரு பையன்கூடக் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் முடித்து 1737-ல் அச்சேற்றியும்விட்டார். நான் பிஸ்கட் டப்பாவோடு எட்டு மாதம் பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன், இது மனுஷ வேலை இல்லை.

நவம்பர் மாதம் முதல் பிரதியை ராணி கரோலினிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ராணி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு நூறு பவுன் தருவதாகச் சொன்னார். நவம்பர் 20-ம் தேதி ராணி இறந்துபோனார். பணம் வரவே இல்லை, கடையையும் மூடவேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம் அவரைப் பைத்தியக்கார விடுதி ஒன்றில் அடைத்தார்கள். அவருக்கு அது முதல் தடவை இல்லை, கடைசியும் இல்லை. கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். மனிதர் சாப்பாட்டுக் கத்தியால் கட்டில் காலை அறுத்து, சங்கிலி காலில் தொங்கத் தொங்கச் சுவர் ஏறிக் குதித்துத் தப்பினார். வெளியே வந்து கேஸ் போட்டார், தோற்றார், நடந்ததை எல்லாம் எழுதித் துண்டுப்பிரசுரமாகவும் போட்டார். உண்மையிலேயே மனநிலை சரியில்லாதவரா, இல்லை வேண்டாதவர்கள் பிடித்து அடைத்தார்களா என்று இன்றுவரை இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம்.

பிற்காலத்தில் தனக்குத் தானே 'திருத்துநர் அலெக்சாண்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அச்சில் திருத்தியது போதாமல் ஊரையே திருத்தக் கிளம்பிவிட்டார். கையில் ஒரு பஞ்சு வைத்துக்கொண்டு லண்டன் சுவர்களில் இருக்கிற கிறுக்கல்களை அழித்துக்கொண்டே நடப்பாராம், முக்கியமாக 45 என்ற எண்ணை, அது அவருக்குப் பிடிக்காத ஓர் அரசியல்வாதியின் அடையாளம். சிரிக்காதீர்கள். கடைப் பலகையில் ஒற்றுப் பிழையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிற ஆள் நான், இந்த வியாதியின் ஆரம்பம் எனக்குத் தெரியும்.

1761-ல் இரண்டாம் பதிப்பு, 1769-ல் மூன்றாவது. 1770-ல் முழங்காலில் நின்று ஜெபிக்கிற நிலையிலேயே இறந்துகிடந்தார். அவர் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது.

மூன்றாம் நாள்

வெயில்! பளிச்சென்று. அம்மா காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். கோக்கர்ஸ் வாக் போனோம், கீழே பெரியகுளம் பக்கம் தெரியும் என்று சொல்லி அழைத்துப்போனால் பத்து நிமிஷத்தில் மேகம் வந்து மூடிவிட்டது. அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வத்தலக்குண்டு எந்தத் திசை என்று சுண்டல் விற்கிறவரிடம் கேட்டு, அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

அங்கிருந்து செண்பகனூருக்கு ஆட்டோ. சேசு சபையார் 1895-ல் கட்டிய கல்லூரிக் கட்டடம், கூடவே அவர்கள் சேர்த்துவைத்த அருங்காட்சியகம். இந்த மலையின் பூச்சி, பாம்பு, பறவை, ஆர்க்கிட் என்று ஒவ்வொன்றையும் பிடித்து, பெயர் எழுதி, எண் போட்டு, பெட்டியில் குத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டாம்பூச்சிப் பெட்டி முன்னால் நின்றபோது, இதுவும் ஒரு சொல்லடைவுதானே என்று பட்டது. காட்டில் பறக்கிற வரிசை வேறு, பெட்டியில் இருக்கிற வரிசை வேறு.

முதன்முதலில் வேதாகமத்தை இப்படிக் குத்தி வைத்தவர்களும் துறவிகளே. ஆனால் இவர்கள் சபை இல்லை, சாமிநாதர் (டொமினிக்கன்) சபை. சேசு சபை பிறப்பதற்கே இன்னும் முந்நூறு வருஷம் இருந்தது. 1230-களில் பாரிஸ் மடத்தில் ஹியூ என்பவர் தலைமையில் லத்தீன் வேதாகமத்துக்கு அடைவு தயாரானது. ஐந்நூறு துறவிகள் வேலை செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த எண்ணிக்கை எனக்கு நம்பும்படியாக இல்லை, ஆனால் ஒரு பெயர்கூடத் தெரியாத நிறையப் பேர் விரல் தேயத் தேய எழுதினார்கள் என்பது நிச்சயம்.

அப்போது வசன எண்ணே கிடையாது. அதிகாரம் மட்டும் உண்டு, அதுவும் அந்த நூற்றாண்டில்தான் நிலைத்தது. அதனால் ஹியூவின் ஆட்கள் ஒவ்வோர் அதிகாரத்தையும் மனசுக்குள் ஏழு துண்டாக வெட்டி, ஏழு எழுத்து கொடுத்தார்கள். இந்தச் சொல் இந்த அதிகாரத்தின் மூன்றாம் துண்டில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள். முதல் அடைவில் இடம் மட்டும்தான் இருந்தது, வாக்கியம் இல்லை. தேடுகிறவன் ஒவ்வோர் இடமாகப் புரட்டிப் புரட்டிக் களைத்துப்போயிருப்பான். அப்புறம் இங்கிலாந்துத் துறவிகள் சிலர் முழு வாக்கியத்தையும் சேர்த்து எழுதினார்கள், அது தூக்க முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. கடைசியில்தான் ஒரு துணுக்கு வாக்கியம் போதும் என்று புரிந்தது. நேற்று முன்தினம் நான் பார்த்த அந்த எறும்பு வரிக்குப் பின்னால் இவ்வளவு சண்டை இருக்கிறது.

வசன எண் வந்த கதை இன்னும் வேடிக்கை. ராபர்ட் எத்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர் 1551-ல் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில்தான் இன்றைக்கு நாம் சொல்கிற வசன எண்கள் முதலில் வந்தன. அப்பா பாரிஸிலிருந்து லியோனுக்குப் போகிற குதிரைப் பயணத்தில் இதைப் பிரித்தார் என்று அவர் மகன் எழுதிவைத்தார். வழிச் சத்திரங்களில் உட்கார்ந்து செய்திருக்கலாம். ஆனால் சில வசனங்கள் வாக்கியத்தின் நடுவில் டக்கென்று வெட்டுப்படுவதைப் பார்க்கும்போது, குதிரை துள்ளியதால் பேனா நழுவிய இடங்கள் அவை என்று கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. மலைப்பாதை பஸ்ஸில் குறிப்பு எழுத முயன்ற என் நோட்டைப் பார்த்தால் நானும் அதை நம்புவேன்.

குதிரை என்றதும் இன்னொன்று. 1834-ல் மதுரையில் வேலையை ஆரம்பித்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலிலும் காலராவிலும் அடுத்தடுத்து செத்தார்கள். முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள், அங்கேயும் மலைக்காய்ச்சல் விடவில்லை. 1845-ல் இங்கே ஏறி இரண்டு வீடு கட்டினார்கள், கொடைக்கானல் ஊர் அதிலிருந்துதான். அப்போது ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலோ டோலியிலோ இந்தச் செண்பகனூர் வழியாகத்தான் ஏற வேண்டும். மேலே வந்த துரைமார்களின் பெயர்கள் பங்களாக்களிலும் பாதைகளிலும் இருக்கின்றன. டோலி தூக்கியவர்களின் பெயர் எந்த அடைவிலும் இல்லை. அம்மாவின் தாத்தா ஒருவர் அப்படித் தூக்கியவர் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு, அதற்கு மேல் அம்மாவுக்கும் தெரியவில்லை.

இரவு அம்மா கேட்டாள், "நம்ம தேவாரக்காரங்க இதெல்லாம் செய்யலையாடா?" செய்தார்கள், ஆனால் வேறு மாதிரி. எந்தப் பழைய பதிப்பிலும் பின்னால் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும், பாட்டின் முதல் சொல்லை வைத்துத் தேடலாம். ஓதுவாருக்கு அது போதும், முதல் அடி வந்துவிட்டால் மீதி தானாக வாய்க்கு வரும். நடுவில் ஒரு சொல் மட்டும் ஞாபகம் இருக்கிற என்னைப் போன்ற அரைகுறைகளுக்குத்தான் முழுச் சொல்லடைவு வேண்டும். அம்மா அதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டாள், அவளுக்கு ஓதுவார் கட்சி.

நான்காம் நாள்

பூம்பாறை. மேலிருந்து பார்த்தால் படிப்படியாகப் பூண்டு வயல், நடுவில் நெருக்கியடித்த வீடுகள், குழந்தை வேலப்பர் கோவில். அம்மா கோவிலுக்குள் வரவில்லை, வாசலில் வெயிலில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த ஆச்சியோடு மலைப்பூண்டு விலை பேசிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்துவிட்டாள்.

நான் காலையில் போனில் எடுத்து வந்த பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 2022-ஐ விளக்கவேண்டும் அல்லவா.

ஜேம்ஸ் ஸ்ட்ராங், அமெரிக்க மெதடிஸ்ட், நியூ ஜெர்சியில் ட்ரூ என்ற இறையியல் பள்ளியில் பேராசிரியர். முப்பத்தைந்து வருஷ உழைப்பு, நூறு பேருக்கு மேல் உதவியாளர்கள், 1890-ல் புத்தகம். நாலு வருஷத்தில் அவரும் போய்விட்டார். அவருக்கு முன்னால் எல்லோரும் முக்கியமான சொற்களைத்தான் எடுத்தார்கள். இவர் ஆங்கிலத்தின் ஒரு சொல்லையும் விடவில்லை, 'அண்ட்', 'தி' போன்ற பொடிச் சொற்களுக்குக்கூடப் பின்னால் தனி இணைப்பில் இடம் மட்டும் குறித்திருக்கிறார். ஆனால் அவரை வாழவைத்தது அது இல்லை. மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எபிரெயப் பகுதிக்கு 8674, கிரேக்கத்துக்கு 5624. எபிரெய எழுத்தே தெரியாதவனும் எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகலாம். 'ஹில்ஸ்' பத்தியில் சில வரிகளுக்கு 2022, சில வரிகளுக்கு 1389. 2022 என்பது ஹர், மலை. 1389 என்பது கிபியா, குன்று. 'மவுண்டன்ஸ்' பத்தியிலும் அதே 2022 வருகிறது. ஆங்கிலம் இரண்டாகப் பிரித்ததை எண் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிறது.

புரூஃப்காரன் புத்தியில் எண் வரிசையையும் சரிபார்த்தேன். கிரேக்கப் பகுதியில் 2717 இல்லை. அது போகட்டும், 3202-க்கு அடுத்தது நேராக 3303. நூறு எண் காணோம்! 3202-ன் பொருள் 'குறை சொல்கிறவன்'. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இப்போது போனில் வேதாகமம் வைத்திருக்கிறவர்கள் ஒரு சொல்லை அழுத்தினால் வருகிற எண் இவருடையதுதான், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. "பிரியமானவர்களே, கிரேக்கத்தில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் தெரியுமா" என்று ஆரம்பிக்கிற பிரசங்கங்களில் பாதி இங்கிருந்துதான். அகராதியில் ஐந்து பொருள் இருந்தால் ஐந்தையும் ஒரே வசனத்தில் கொட்டிவிடுவது. பின்னால் இருப்பது சின்னக் குறிப்பு அகராதி, வழிகாட்டிப் பலகை. பலகையைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது.

தமிழில் இந்த வேலை இன்னும் கஷ்டம். பர்வதம் ஒருபக்கம், மலை ஒருபக்கம். பவர் ஐயர் என்ற மிஷனரி தலைமையில் 1871-ல் வந்த, நாம் இன்றும் படிக்கிற மொழிபெயர்ப்பில் ஒத்தாசை வருவது பர்வதத்திலிருந்து, ஆனால் இயேசு சொன்ன மறைந்திருக்கமாட்டாத பட்டணம் இருப்பது மலையின்மேல். மலை என்று தேடுகிறவனுக்கு 121 அகப்படாது. போதாக்குறைக்கு வேற்றுமை உருபு. பர்வதத்தின்மேல், பர்வதங்களுக்கு, பர்வதமே, எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் கட்டவேண்டும். வினைச்சொல் இன்னும் மோசம், 'வா' என்ற ஒரே சொல்லுக்கு வந்தான், வருவேன், வாராய் என்று ஒரு டப்பா நிரம்பிவிடும்.

அப்படியே அந்த வரியின் அடுத்த சொல்லையும் பார்த்தேன், எண் 370. பொருள்: எங்கிருந்து? கேள்விச் சொல்! மூலத்தில் 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்' என்று இல்லை. கண்ணை மலைகளுக்கு ஏறெடுக்கிறான், அப்புறம் கேட்கிறான், எங்கிருந்து எனக்கு உதவி வரும்? கத்தோலிக்கரும் சேர்ந்து செய்த 1995 திருவிவிலியத்தில் அப்படித்தான் இருக்கிறது: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" குழந்தை வேலப்பர் வாசலில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பது கொஞ்சம் வம்புதான், இருந்தாலும் எனக்குக் கை நடுங்கியது. அறுபது வருஷமாக அம்மா சொல்லிவந்த வசனம்.

பூண்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் விளக்கினேன், எண்ணோடு. நிமிராமல் கேட்டுவிட்டு, "ரெண்டாவது வசனம் சொல்லு" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவளே சொன்னாள்: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும். கேள்வின்னா பதில் இருக்கு பாரு. மலைன்னு எவன் சொன்னான்? நீ ஒரு வரியோட நின்னுட்ட."

ஒரு வரியோடு நிறுத்துவதுதான் அந்தப் புத்தகத்தின் வேலையே என்று சொல்ல வாயெடுத்தேன். பை கனமாக இருந்தது, தூக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்

புத்தகத்தை அலமாரியில், இந்த முறை நாவல்களுக்கு மேலே வைத்தேன். பிளாஸ்திரி இன்னும் இரண்டு சுற்று போட்டிருக்கிறேன்.

மதியம் ஒரு மணி பஸ், கடைசி சீட். பெருமாள்மலை தாண்டியதும் அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் என் முழங்கையை இறுக்கிக்கொண்டு, மூன்றாம் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள்: "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்." டிரைவரும் உறங்கக்கூடாதே என்றேன். அடி விழுந்தது. காட்ரோட்டில் சிக்னல் வந்தது, இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் டீக்கு நிற்கிறது. பூண்டு வாசனை பஸ் முழுக்க. அம்மா ஜன்னல் வழியாகத் திரும்பி மலையைப் பார்க்கிறாள், நாலாம் வசனம் என்ன என்று என்னைக் கேட்கிறாள், போனைத் தொடக்கூடாதாம்.